லவ் கேக்: மேல கறுக்குது, நடு வேகல, அடியில எண்ணெய் விடுது. ஊர்ல ஓவனும் சரியில்ல, என்ன செய்யலாம்?

தங்கச்சிமடத்துப்பொண்ணு

வணக்கம். கிறிஸ்துமஸுக்குத் திருப்பூர்லேருந்து குடும்பத்தோட ஊருக்கு வர்றோம். 22ஆம் தேதி காலைல தங்கச்சிமடம் வந்துருவோம். 24 ராத்திரிப் பூசை முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் கேக் வெட்டணும். எங்க வீட்டுல பிளம் கேக்கை யாரும் சீண்ட மாட்டாங்க. ரவையும் முந்திரியும் போட்ட இலங்கை லவ் கேக் இருந்தாத்தான் பண்டிகை. மொத்தம் 15 பேர். அதுல அம்மாச்சிக்குக் கடிச்சுத் திங்கப் பல் இல்ல.

போன தடவை வந்த குறைகளைச் சொல்லிடுறேன். மேல கறுத்துப்போச்சு, நடு கேசரி மாதிரி கொழகொழன்னு நின்னுச்சு. மறுநாள் பாத்தா அடித்தாள் முழுக்க எண்ணெய். முட்டை வாடை தூக்கலா இருந்துச்சு.

போட்ட அளவு: ரவை 250 கிராம், வெண்ணெய் 250, சீனி 500, முழு முட்டை 8, மிக்ஸியில பொடிச்ச முந்திரி 250, பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன். பூசணிப் பாகு கிடைக்கல, போடல. 180 டிகிரி, 45 நிமிஷம்.

ஊர் வீட்டுல இருக்கிறது 28 லிட்டர் ஓடிஜி (சின்னக் கரண்டு ஓவன்) ஒண்ணு. மேல் கம்பி நல்லா சுடுது, கீழ்க் கம்பி சில நேரம் எரியுறதே இல்ல. அப்புறம் ரெண்டு பர்னர் கேஸ் அடுப்பு, பிரியாணி தேக்சா. மழைக்காலம், கரண்டு எப்ப போகும்னு சொல்ல முடியாது.

எங்க தப்பு? பூசணிக்குப் பதில் என்ன போடலாம்? ஓடிஜி கைவிட்டா தேக்சாவுல செய்ய முடியுமா?

றவையும்கஜுவும் (மண்டபம்)

தங்கச்சி, உங்கட அளவில பெரிய பிழை இல்லை. செய்முறையிலதான் மூண்டு பிழை இருக்கு. றவை ஊறேல்லை, கஜுவை (முந்திரியை) பொடியாக்கிப் போட்டீங்கள், நெருப்பு கூடிப்போச்சு. பேக்கிங் பவுடர் இதுக்குத் தேவையே இல்லை. லவ் கேக் பஞ்சு மாதிரி எழும்புற சாமான் இல்லை. மேல மெல்லிசா மொறுமொறுப்பு, உள்ளுக்குள்ள ஈரம், வாயில வச்சா கொஞ்சம் இழுபடவேணும். அப்பிடி வந்தாத்தான் சரி.

இந்த அளவைப் பிடியுங்கோ. 9 அங்குலச் சதுரத் தட்டு ஒண்டுக்கு:

றவை 250 கிராம், பட்டர் 200, சீனி 400, கஜு 300, நீத்துப்பூசணி தோசி (சீனிப்பாகில போட்ட பூசணிக் கட்டி) 200. முட்டை மஞ்சள்கரு 10, வெள்ளைக்கரு 4. தேன் 3 மேசைக்கரண்டி, ரோஸ் வாட்டர் 2 மேசைக்கரண்டி. ஏலக்காய்த்தூள் ஒரு தேக்கரண்டி, சாதிக்காய்த்தூள் அரை, கறுவாத்தூள் (பட்டைத்தூள்) அரை. ஒரு தேசிக்காயின்ர (எலுமிச்சையின்ர) பச்சைத் தோல் சீவல், வனிலா ஒரு தேக்கரண்டி. உப்பில்லாத பட்டர் எண்டால் ஒரு சிட்டிகை உப்பு.

முதல் வேலை றவை. அடிகனத்த தாச்சியில சின்ன நெருப்பில 6, 7 நிமிசம் வறுங்கோ. நிறம் மாறக்கூடாது. வாசம் வரேக்க, கரண்டியால கிளறினால் மணல் மாதிரிச் சலசலத்து ஓடும். அந்த இடத்தில இறக்குங்கோ. கைபொறுக்கிற சூட்டுக்கு ஆறினதும் மெத்தெண்ட பட்டரைப் போட்டுப் பிசையுங்கோ. பட்டரை உருக்கி எண்ணெயாக்கி ஊத்தாதேங்கோ. மூடி ரெண்டு மணித்தியாலம் வையுங்கோ. வறுக்கிறது ஏன் எண்டால், மார்கழி மழைக்குக் கடற்கரை வீடுகளில றவை ஈரம் இழுத்துக் கட்டிப்பட்டுக் கிடக்கும். ஏற்கெனவே ஈரம் குடிச்ச றவை பட்டரைக் குடிக்காது. குடிக்காத பட்டர் சூட்டில உருகிக் கீழ இறங்கும். உங்கட அடித்தாளில நிண்ட எண்ணெய் பாதி அதுதான்.

மற்றப் பாதி கஜு. மிக்ஸியில ஓடவிட்டால் கஜு சூடாகி எண்ணெய் விடும். கத்தியால அரிசிக் குறுணி அளவுக்குக் கொத்துங்கோ. 300 கிராம் கொத்த அரைமணித்தியாலம் பிடிக்கும், பிள்ளையளை இருத்திக் கொத்த விடுங்கோ. அம்மாச்சிக்கும் குறுணி அளவு கரைச்சல் தராது. கேக்கின்ர ஈரத்தில அது மெதுமையாகிடும்.

மஞ்சள்கருவையும் சீனியையும் வெளிறிக் கெட்டியாகிற வரைக்கும் அடியுங்கோ. பீட்டர் எண்டால் 10 நிமிசம், கையால எண்டால் 20, 25. அகப்பையைத் தூக்கினால் நாடா மாதிரி விழுந்து, விழுந்த கோடு ஒரு நொடி மேல நிண்டு பிறகு மறையவேணும். அதுக்குள்ள பட்டர் குடிச்ச றவையைக் கொஞ்சம் கொஞ்சமாச் சேர்த்து, பிறகு கஜு, தோசி, தேன், ரோஸ் வாட்டர், வாசனைச் சாமான். கலந்து இன்னும் ஒரு அரைமணித்தியாலம் பொறுங்கோ. கடைசியா வெள்ளைக்கரு நாலையும் நுரைக்க அடிச்சு மெல்லமா மடிச்சுச் சேருங்கோ. நுரையின்ர முனை வளைஞ்சு தலைகுனிஞ்சு நிண்டால் போதும். விறைப்பாக அடிச்சால் கேக் அடுப்பில எழும்பி, இறக்கினதும் நடு விழுந்து, மேலோடு தனியக் கழண்டு நிக்கும்.

நெருப்பு 150. அதுக்கு மேல வேண்டாம். ஒண்டேகால் மணித்தியாலம், தேவைப்பட்டால் ஒண்டரை.

முட்டை வாடை உங்களுக்கு வந்தது வெள்ளைக்கரு எட்டும் போனதால. மஞ்சள்கரு கூட, வெள்ளை குறைய. உதுதான் கணக்கு.

தட்டும்தாளும் (ராமநாதபுரம், பேக்கரி வேலை)

மேல சொன்ன அளவு சரி. கடையில வாங்குற இடத்துல கோளாறு வராம இருக்கச் சில விஷயம்.

ரவை: பாக்கெட்டுல "வறுத்த ரவை"ன்னு வர்றதை வாங்கினாலும் ஒரு தடவை சூடு காட்டணும். பருமன்தான் முக்கியம். உப்புமா ரவை பெருசு. அதை அப்படியே போட்டா ரெண்டு மணி நேரம் ஊறினாலும் நடுவுல நறுக்நறுக்னு நிக்கும். மிக்ஸியில ரெண்டு சுத்து விட்டு எடுங்க, மாவாக்கிடாதீங்க. பூரிக்குப் போடுற சிரோட்டி ரவை கிடைச்சா பாதிக்குப் பாதி கலந்துக்கலாம்.

முந்திரி: முழு முந்திரி வாங்கிக் காசைக் கரைக்காதீங்க. எப்படியும் கொத்தத்தான் போறோம். உடைசல்னு கேளுங்க, எஸ்.டபிள்யூ.பி.ன்னா சின்ன வெள்ளை உடைசல். பண்ருட்டிச் சரக்கு நல்லாவே இருக்கும். வாங்குறதுக்கு முன்னால ஒண்ணை வாயில போட்டு நல்லா மெல்லுங்க. முதல் கடியில தெரியாது, மென்னு முழுங்கும்போது தொண்டையில பழைய எண்ணெய்க் காறல் தெரிஞ்சா அந்தச் சரக்கு வேண்டாம். மழைக்காலத்துல திறந்த டின்னுல கிடக்கிற உடைசலுக்கு இது அடிக்கடி வரும். ஏலக்காய், ரோஸ் வாட்டர் எதைப் போட்டாலும் அந்தக் காறல் மறையாது.

முட்டை: நாட்டுக்கோழி முட்டைன்னு ஆசைப்பட்டா எண்ணிக்கையை நம்பாதீங்க, எடை போடுங்க. 10 மஞ்சள் கருன்னா சுமார் 170 கிராம் வரணும். நாட்டு முட்டையில அதுக்கு 11, 12 ஆகும்.

ரோஸ் வாட்டர்: கல்யாண வீட்டுல தெளிக்கிற பன்னீர், மூஞ்சிக்குத் தடவுற ரோஸ் வாட்டர் ரெண்டையும் தொடாதீங்க. சாப்பாட்டுக்கானதுன்னு பாட்டில்ல போட்டிருக்கணும். கிடைக்கலன்னா ரோஸ் எசென்ஸ் நாலு சொட்டு, ரெண்டு ஸ்பூன் தண்ணியில கலந்து. அஞ்சாவது சொட்டு விழுந்தா சோப்பு வாசம்.

சீனி: பெரிய பரல் சீனி மஞ்சள் கருவோட கரையாது, கேக்கு மேல புள்ளி புள்ளியாப் பூக்கும். மிக்ஸியில பொடிச்சுக்கோங்க. ஆனா அடிக்கிறதுக்குச் சற்று முன்னாடி பொடிங்க. முந்தின நாளே பொடிச்சு வச்சா உங்க ஊர் காத்துக்குக் கல்லாயிரும்.

வெண்ணெய்: உப்பு போட்ட பாக்கெட் வெண்ணெய்தான் கிடைச்சதுன்னா பரவாயில்ல, தனியா உப்பு வேண்டாம். வீட்டுல கடைஞ்ச வெண்ணெயில மோர் நிக்கும். துணியில கட்டிப் பிழிஞ்சாலும் புளிப்பு போகாது, இதுக்கு ஆகாது. நெய் போட்டா வெந்து ஆறினதும் மணல் மணலா உறையும்.

பூசணிக்குப் பதில் தேட வேண்டியதே இல்ல. வடநாட்டு மிட்டாய் விக்கிற கடையில ஆக்ரா பேட்டான்னு வெள்ளையா, கட்டி கட்டியா வச்சிருப்பாங்களே, அதுவே நீர்ப்பூசணிதான், சீனிப் பாகுல போட்டது. கேசர் போட்ட மஞ்சள் பேட்டாவும் பாகு ஒழுகுற அங்கூரி பேட்டாவும் வேண்டாம், உலர்ந்த வெள்ளையை வாங்குங்க. திருப்பூர்லயே வாங்கிட்டு வந்துருங்க, ஒரு வாரம் கெடாது. பட்டாணி அளவுக்கு நறுக்கி, ஒரு ஸ்பூன் ரவையில புரட்டிப் போடுங்க, அடியில போய் உக்காராது. பேட்டாவுல சீனி ஏற்கெனவே ஏறிக் கிடக்கும், அதனால மாவுக்கான சீனியை 350க்கு இறக்கலாம். 300க்குக் கீழ போகாதீங்க. சீனிதான் உள் ஈரத்தைப் பிடிச்சு வைக்குது. அது குறைஞ்சா ரெண்டாம் நாளே வறண்டு ரஸ்க் மாதிரி ஆகும்.

டூட்டி ஃப்ரூட்டி போடலாமான்னு கேப்பாங்க. அது பப்பாளிக்காய். சாயம் இறங்கிக் கேக் திட்டுத்திட்டா சிவக்கும். என் கணக்குல அதைவிட எதுவும் போடாம விடுறது மேல்.

தங்கச்சிமடத்துப்பொண்ணு

பேட்டா விஷயம் தலையில அடிச்ச மாதிரி இருக்கு, இத்தனை வருஷம் பூசணிக்கு அலைஞ்சிருக்கோம்! நீர்ப்பூசணி ஊர்லயே கிடைக்குது. வீட்டுலயே தோசி போட நேரம் போதுமா, 22 வந்து 23 சுடணும்னா? ஓடிஜிக்கும் வழி சொல்லுங்க.

றவையும்கஜுவும் (மண்டபம்)

போதும். 22 பின்னேரம் தொடங்கினால் சரி. ஒரு கிலோ பூசணிச் சதை, தோலும் உள்ச்சோத்தியும் எடுத்து அரை அங்குலக் கட்டியா வெட்டுங்கோ. வெத்திலைக்குப் போடுற சுண்ணாம்பு ஒரு தேக்கரண்டியை ஒரு லீற்றர் தண்ணியில கரைச்சுத் தெளிய விட்டு, மேல் தண்ணியை மட்டும் இறுத்து அதில இரவு முழுக்க ஊறப்போடுங்கோ. இதை விட்டால் பூசணி பாகில கரைஞ்சு அல்வாவாப் போகும். சுண்ணாம்புத் தண்ணி கட்டியின்ர சுவரை இறுக்கிப் பிடிக்கும், கடிச்சால் மெல்லிய நறுக்கு நிக்கும். விடிய நாலு தண்ணியில கழுவி, கண்ணாடி மாதிரித் தெரியிற வரை அவிச்சு வடிச்சு, 750 கிராம் சீனியோட சின்ன நெருப்பில வையுங்கோ. பாகு வத்திக் கட்டிகளில ஒட்டிப் பிடிக்கேக்க இறக்கித் தட்டில பரப்பி ஆறவிடுங்கோ. 200 கிராமுக்கு மேல மிஞ்சும், போத்தலில போட்டு வையுங்கோ.

ஆனால் ஒண்டு. ஈரத் தோசியைப் போட்டால் தேனை ஒரு கரண்டி குறையுங்கோ. ரெண்டு ஈரமும் சேர்ந்தால் நடு வேக இன்னும் கால்மணித்தியாலம் கேக்கும்.

தட்டும்தாளும் (ராமநாதபுரம், பேக்கரி வேலை)

ஓடிஜிக்கு: மேல் கம்பி மட்டும் எரியுற ஓவன்ல 180 வச்சா, மேல 220 இருக்கும், கீழ 120 கூட இருக்காது. போன தடவை மேல கறுத்து நடு வேகாம போனதுக்கு இதுதான் காரணம், உங்க கைப் பக்குவம் இல்ல.

கைப்பிடி இல்லாத பழைய இரும்பு தோசைக்கல் உள்ள போற அளவுல இருந்தா, கேஸ்ல மிதமாச் சூடாக்கி (தண்ணி தெளிச்சா மெல்லச் சுர்ருன்னு போகணும், துள்ளக் கூடாது) ஓவனோட கீழ்த் தட்டுல வைங்க. அதுக்கு மேல ஒரு கம்பி வலை, அதுக்கு மேல கேக் தட்டு. கல் சூட்டைப் பிடிச்சு வச்சு அடியிலேருந்து விடும். மேல் அடுக்குல ஒரு காலித் தட்டைச் சொருகுங்க. கம்பியோட நேர்ச் சூடு கேக்கு மேல விழாது. கடைசி 15 நிமிஷம் அந்தக் காலித் தட்டை எடுத்துட்டா மேல் நிறம் வந்துரும்.

ஓவன் திருகுல எழுதியிருக்கிற எண்ணை நம்பாதீங்க. உள்ள வைக்கிற ஓவன் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. வாங்கலன்னா ஒரு சிட்டிகை மைதாவைச் சின்னத் தட்டுல பரப்பி, சூடேறின ஓவன்ல 5 நிமிஷம் வைங்க. லேசா பிஸ்கட் நிறம் தட்டினா சூடு சரி. நல்ல பொன்னிறம் ஆச்சுன்னா இந்தக் கேக்குக்கு அதிகம். வெள்ளையாவே இருந்தா இன்னும் ஏறணும்.

கரண்டு போச்சுன்னா கதவைத் திறக்காதீங்க. கால் மணி நேரம் உள்சூடு தாங்கும். திரும்ப வந்ததும் போன நேரத்தோட இன்னொரு 10 நிமிஷம் கூட்டிக்கோங்க. ஸ்பாஞ்ச் கேக்கா இருந்தா அமுங்கிப்போகும், இது தாங்கும். வீட்டு இன்வெர்ட்டர்ல ஓடிஜியை மாட்டிப் பாக்காதீங்க, இழுக்காது.

தாள் போடுறது: தட்டுக்கு அடியிலயும் நாலு பக்கமும் நியூஸ்பேப்பர் மூணு மடிப்பு, அதுக்கு மேல வெண்ணெய் தடவின பட்டர் பேப்பர் ரெண்டு. அச்சடிச்ச தாள் மாவைத் தொடக் கூடாது. ஒண்ணேகால் மணி நேரம் உள்ள நிக்கிற கேக், தாள் மெத்தை இல்லன்னா ஓரம் மட்டும் முறுக்கு மாதிரி ஆயிரும். பக்கத் தாளைத் தட்டுக்கு மேல ரெண்டு விரல் உசரமா விடுங்க. அதைப் பிடிச்சுத்தான் கேக்கை வெளிய தூக்கணும், இதைக் கவுத்து எடுக்க முடியாது.

தேக்சாதம் (கீழக்கரை)

லாத்தா, ஓடிஜியோட மல்லுக்கட்டுறதை விட தேக்சாவே நல்லா வரும். எங்க பக்கம் தம் போடுற அதே சாமான்தான். ஆனா பிரியாணி தம்மும் கேக்கும் ஒண்ணுன்னு நெனச்சா காரியம் கெட்டுரும். பிரியாணிக்கு ஆவி வெளிய போகக் கூடாது, அதான் மாவு வச்சு அடைக்கிறோம். கேக்குக்கு ஆவி போயே ஆகணும். மாவும் வைக்காதீங்க, ஈரத் துணியும் சுத்தாதீங்க. மூடிக்கும் விளிம்புக்கும் நடுவுல ஒரு தீக்குச்சி கனத்துக்கு இடுக்கு இருக்கட்டும்.

தட்டு: தேக்சாவுக்குச் சதுரத் தட்டு இடிக்கும். 10 அங்குல வட்டத் தட்டும் 9 அங்குலச் சதுரமும் கிட்டத்தட்ட ஒரே பரப்பு, மாவு அளவை மாத்த வேண்டாம். தேக்சா உள்வாய் 14 அங்குலமாவது இருக்கணும், தட்டைச் சுத்தி ரெண்டு அங்குலம் காத்து ஓடணும்.

அடியில மணல் ஒரு அங்குலம். கடற்கரை மணலை அள்ளிட்டு வந்து போடாதீங்க. அதுல உப்பு, சிப்பித் துண்டு, ஈரம் எல்லாம் இருக்கு, சூடேறினா வாடை வரும். ஆத்து மணலைச் சலிச்சுக் கழுவி வெயில்ல காய வச்சது வேணும். மணல் இல்லன்னு கல்லுப்பைப் போடுறவங்க உண்டு. நம்ம பக்கம் உப்பளத்துலேருந்து வர்ற கல்லுப்புல பரலுக்குள்ளயே தண்ணி அடைஞ்சிருக்கும். சூட்டுல பட்டாசு மாதிரி வெடிச்சு கேக்கு மேல தெறிக்கும். உப்புதான் போடணும்னா தூள் உப்பு. மணல் மேல இரும்பு வளையம், அதுக்கு மேல தட்டு.

நெருப்பு, இதுலதான் சூட்சுமம். கீழ ஒரு பங்கு, மேல ரெண்டு பங்கு. கேஸ்ல சின்ன பர்னரைச் சிம்முல வச்சு, தட்டை இறக்குறதுக்கு முன்னாலயே 15 நிமிஷம் தேக்சாவைக் காய விடுங்க. மூடி மேல கொட்டாங்கச்சிக் கரி, நல்லா பூத்து வெள்ளைச் சாம்பல் கட்டினது, 12 துண்டு போதும். நடுவுல குவிக்காதீங்க, மூடியோட ஓரமா வளையம் மாதிரி பரப்புங்க. நடுவுல குவிச்சா கேக்குல வட்டமா ஒரு கருப்புப் பொட்டு விழும். கரி மூடி மேல இருக்கிற வரைக்கும் மூடி சூடா இருக்கும். அதனால உள்ள ஆவி தண்ணியாகிச் சொட்டாது. கரி இல்லாம வெறும் கேஸ்ல வச்சீங்கன்னா மூடி குளிர்ந்து, தண்ணி சொட்டுச் சொட்டா விழுந்து மேல்பக்கம் அம்மைத் தழும்பு மாதிரி ஆகிரும்.

அரை மணிக்கு ஒரு தடவை கரியைப் பாத்து, அவிஞ்சதை எடுத்து நாலஞ்சு புதுசு வைங்க. மூடியைத் தூக்குறதுன்னா நேரா மேல தூக்குங்க. சாச்சா சாம்பல் கேக்குல. இந்த மாசம் வாடைக்காத்து அடிக்கும், வாசல்ல வச்சா தீ ஒரு பக்கமாச் சாயும், கேக்கும் ஒரு பக்கம் வேகும். சுவரு மறைவுல வைங்க, ஒரு மணி நேரம் ஆனதும் தட்டை அரைச் சுத்துத் திருப்புங்க. கரிக்காக அடுப்படியைச் சாத்தி வச்சுக்கிட்டுச் செய்யாதீங்க, கரிப்புகை பொல்லாதது, காத்தோட்டம் வேணும்.

ஒண்ணரை மணி நேரம் ஆகும். ஒரு மணிக்கு முன்னாடி மூடியை முழுசாத் திறக்காதீங்க.

பாலத்துக்குஅந்தப்பக்கம் (பாம்பன்)

வெந்துச்சான்னு பாக்குறதுலதான் நிறையப் பேர் ஏமாறுறாங்க. கத்தி குத்தி ஒட்டாம வரணும்ங்கிற சோதனை இதுக்குச் செல்லாது. ஒட்டாம வந்துச்சுன்னா காஞ்சு போச்சுன்னு அர்த்தம். ஈர்க்குச்சியை நடுவுல குத்தி எடுங்க. குச்சியில ஈரத் துணுக்கு ஒட்டியிருக்கலாம், விரல்ல எடுத்து உருட்டினா உருளணும். கூழ் மாதிரி வழிஞ்சா இன்னும் 10 நிமிஷம். தட்டை லேசா ஆட்டிப் பாருங்க: நடு தளும்பக் கூடாது. ஓரம் தாளைவிட்டு ஒரு நூல் விலகியிருக்கணும்.

இறக்கினதும் வெட்டுனீங்கன்னா போன தடவை மாதிரி கேசரிதான். தட்டுலயே, தாளோட, முழுசா ஆறட்டும், அஞ்சாறு மணி நேரம். அப்புறம் மூடி ஒரு ராத்திரி. சூடா இருக்கும்போது வெண்ணெயும் பாகும் இளகிக் கிடக்கும், ஆறினாத்தான் இறுகி உருவம் பிடிக்கும். ஏலக்காயும் ரோஸ் வாட்டரும் சேர்ந்து ஒரே வாசமா ஆகுறதும் மறுநாள்தான், முதல் நாள் தனித்தனியா மூக்குல ஏறும். 23 சாயங்காலம் சுட்டா 24 ராத்திரிக்குச் சரியா வரும். பேட்டா போடுறதா இருந்தா 22 ராத்திரியே சுட்டா இன்னும் நல்லது.

வெட்டுறது: வட்டத் தட்டுன்னா முக்கோணமா வெட்டாதீங்க, முனை உடையும். பர்பி மாதிரி சாய் சதுரமா, ஒன்றரை அங்குலம். 9 அங்குலச் சதுரத்துல 36 துண்டு வரும். 15 பேருக்கு ஆளுக்கு ரெண்டு, மிச்சம் பக்கத்து வீட்டுக்கு. இது இனிப்பு ஏறின பண்டம், பிளம் கேக் மாதிரி பெரிய துண்டு போட்டா பாதி தட்டுலயே கிடக்கும்.

ஒவ்வொரு துண்டையும் டிஷ்யூத் தாள்லயோ பட்டர் பேப்பர்லயோ பொதிஞ்சு டின்னுல அடுக்கினா வெளியவே 7, 8 நாள் இருக்கும். ஃபிரிட்ஜ்ல வச்சா வெண்ணெய் உறைஞ்சு கல்லு மாதிரி ஆகும், திங்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வெளிய எடுக்கணும். டின்னைத் தண்ணி ஊத்தின தாம்பாளத்துக்கு நடுவுல வைங்க, எறும்பு வரும். சும்மா இல்ல, படையா வரும்.

இன்னொரு வழியும் இருக்கு. மாவைக் கலந்து தட்டோட பேக்கரியில கொடுத்துச் சுட்டு வாங்கலாம். ஆனா கிறிஸ்துமஸ் வாரத்துல அடுப்பு காலி இருக்காது, இருந்தாலும் ரொட்டிக்கும் பிஸ்கட்டுக்கும் ஏத்தின 200க்கு மேற்பட்ட சூட்டுல சொருகிருவாங்க. விறகு அடுப்பு பேக்கரின்னா கடைசி ரொட்டி இறக்கின அப்புறம், சூடு தணிய ஒரு மணி நேரம் விட்டு வைக்கச் சொல்லுங்க. அந்த இறங்குசூட்டுல வர்ற லவ் கேக் எந்த ஓடிஜியிலயும் வராது. "இப்ப கூட்டமா இருக்கு, உடனே வச்சுத் தர்றேன்"னு சொன்னா தட்டைத் திரும்ப வாங்கிட்டு வந்துருங்க.

இந்தக் கேக் இந்தக் கரைக்கு அந்நியம் இல்லங்கிறதுக்கு ஒரு வரி: 1914ல பாம்பன் ரயில் பாலம் திறந்ததுலேருந்து தனுஷ்கோடியில இறங்கிக் கப்பல்ல தலைமன்னார் போறது சர்வ சாதாரணம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை வாரிக்கிட்டுப் போற வரைக்கும் அந்தப் போக்குவரத்து இருந்துச்சு. ரவைக் கேக், வட்டிலப்பம், தொதல் எல்லாம் ரெண்டு கரையிலயும் ஒரே வாசமா இருக்கிறது ஆச்சரியமே இல்ல.

தங்கச்சிமடத்துப்பொண்ணு

எல்லாருக்கும் நன்றி. தேக்சாதான்னு முடிவு பண்ணிட்டேன். கடைசியா மூணு: தேனுக்குப் பதிலா சாயல்குடிக் கருப்பட்டி போடலாமா? மிஞ்சுற வெள்ளைக் கரு 6ஐ என்ன பண்ண? ரெண்டு மடங்கு மாவு போட்டு ஒரே பெரிய தட்டுல சுடலாமா?

றவையும்கஜுவும் (மண்டபம்)

கருப்பட்டி போடலாம். தட்டி, ரெண்டு கரண்டி தண்ணியில காய்ச்சி, வடிகட்டி (மண் இருக்கும்), தேன் பதத்துக்கு வத்தவிட்டு, ஆறினபிறகு 3 மேசைக்கரண்டி. சூடா ஊத்தினால் மஞ்சள்கரு திரிஞ்சு பொரியலாகும். சீனி முழுக்கக் கருப்பட்டியா மாத்தாதேங்கோ. மஞ்சள்கருவோட அடிக்கேக்க காத்துப் பிடிக்காது, கேக் கறுத்து மெழுகு மாதிரி வரும். அது வேற பலகாரம்.

வெள்ளைக்கரு, விடியக் காலையில வெங்காயமும் பச்சைமிளகாயும் வெட்டிப் போட்டு ஒம்லெட். 15 பேர் இருக்கிற வீட்டில இதுக்கு யோசனை என்னத்துக்கு?

தேக்சாதம் (கீழக்கரை)

ரெண்டு மடங்கை ஒரே தட்டுல கூடவே கூடாது. ஒண்ணேகால் அங்குல உசரத்துக்கு மேல மாவு நின்னா நடு வேகுறதுக்குள்ள ஓரம் கருகும். ரெண்டு தட்டா ஊத்தி ஒண்ணு முடிஞ்சதும் ஒண்ணு வைங்க. ரெண்டாவது தட்டுக்கான வெள்ளைக் கருவை மட்டும் முன்னாலயே அடிச்சுக் கலக்காதீங்க. ஒண்ணரை மணி நேரம் காத்திருந்தா நுரை அடங்கிரும். மத்த மாவு அந்த ஒண்ணரை மணி நேரம் நின்னா தப்பில்ல, ரவை இன்னும் நல்லா ஊறும். முதல் தட்டு இறங்குறதுக்கு 10 நிமிஷம் முன்னாடி அடிச்சு மடிச்சுக்கோங்க. மூடி மேல கரியும் அப்பவே புதுசு போட்டுருங்க.

தட்டும்தாளும் (ராமநாதபுரம், பேக்கரி வேலை)

வெள்ளைக் கரு அடிக்கிற பாத்திரத்துல எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளி இருந்தாலும் நுரை வராது. பிளாஸ்டிக் வேண்டாம், எவர்சில்வர் எடுங்க. மஞ்சள் கரு உடைச்ச கையோட அதே பீட்டர் கம்பியைப் போடாதீங்க, எலுமிச்சைத் தோல் தேய்ச்சுக் கழுவித் துடைச்சுட்டு அடிங்க.